பேக்லோஃபென் மாத்திரை: ஏழு வருசமா முழுங்கறவன் எழுதற ரிவ்யூ (5க்கு மூன்றரை ஸ்டார்)

போன் கவருக்கு ரிவ்யூ இருக்குது, இட்லித் துணிக்குக்கூட ரிவ்யூ இருக்குது, நான் தெனமும் மூணு வேள முழுங்கற மாத்திரைக்குத் தமிழ்ல தேடுனா ஒழுங்கா ஒண்ணுமே வர்றதில்ல. அதான் நானே எழுதறேன். மொதல்லயே சொல்லீர்றேன், நான் டாக்டர் இல்லீங்க. பொள்ளாச்சி பக்கம் ஒரு ஊர்ல இ-சேவை, ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், வீல்சேர்ல உக்காந்துட்டு நாள் பூரா டைப் பண்றதுதான் பொழப்பு. 2017ல தென்னமரத்துல இருந்து விழுந்து முதுகெலும்பு டி10 (நெஞ்சுப் பகுதியில பத்தாவது எலும்பு) கிட்ட ஒடஞ்சுது, தண்டுவடம் முழுசா அறுபடல, பாதி அடி. இடுப்புக்குக் கீழ கொஞ்சம் உணர்ச்சி இருக்குது. கால ஆடுன்னு சொன்னா ஆடாது, ஆடாதன்னு சொன்னா ஆடும். அந்த ரெண்டாவது பிரச்சனைக்குத்தான் இந்த மாத்திர.

இதுக்குப் பேரு ஸ்பாஸ்டிசிட்டி. தசை இறுக்கம்னு சொல்றாங்க, அந்த வார்த்தையக் கேட்டா ஏதோ உடம்பு புடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும், ஆனா விசயம் வேற. காலைல போர்வைய இழுத்தா போதும், ரெண்டு காலும் பலகை மாதிரி விறைச்சு நீட்டிக்கும், மடக்கப் பாத்தா எவ்வளவு வேகமா மடக்கறமோ அவ்வளவு எதுத்து நிக்கும், மெதுவா மடக்குனா கொஞ்சம் விட்டுக் குடுக்கும். ஸ்கூட்டர்ல போறப்ப வேகத்தடை ஏறி எறங்குனா பாதம் ஃபுட்ரெஸ்ட விட்டு எகிறிரும் (கவர்மெண்ட் குடுத்த சைடு வீல் வெச்ச ஸ்கூட்டர்தான், அதுல காலுக்கு நானே ஒரு பெல்ட் தெச்சுப் போட்டிருக்கேன்). அப்பறம் இந்தக் குளோனஸ்னு ஒண்ணு. முன்பாதம் தரையில ஒரு மாதிரி பட்டுச்சுன்னா குதிகால் தடதடதடன்னு தையல் மெஷின் பெடல் மாதிரி ஆட ஆரம்பிக்கும், முட்டிய கையால அமுக்குனாத்தான் நிக்கும். கடையில ஒரு பெரியவர் ஆதார் அட்டைய என் மடியில வெச்சுட்டு இதப் பாத்துட்டாரு, "ஏந்தம்பி, கைரேகை வராதுன்னா பரவால்ல, அதுக்கு ஏன் இப்படி நடுங்கற"ன்னு கேட்டாரு. சிரிச்சுட்டுத்தான் வேல செஞ்சு குடுத்தேன்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, தோப்புல ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார் இருக்குதுல்ல, கரண்ட் வந்தா தானா ஓடும், நிறுத்தத்தான் ஆள் வேணும். தண்டுவடமும் அப்படித்தான். தொட்டா, குளுந்தா, இழுத்தா உடனே தசைய இறுக்கற சர்க்யூட் அதுக்குள்ளயே இருக்குது, மேல இருந்து மூளை போதும் போதும்னு அடக்கீட்டே இருக்கறதாலதான் நல்லா இருக்கறவங்களுக்கு அது தெரியறதில்ல. எனக்கு அடிபட்டதுல அந்த அடக்கற லைன் கட்டாயிருச்சு, கீழ மோட்டார் மட்டும் நல்லா இருக்குது. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கும், செரிப்ரல் பால்சி (சின்னதுலயே மூளையில பாதிப்பு) குழந்தைங்களுக்கும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்பு மேல இருக்கற உறை கெட்டுப்போற நோய்) இருக்கறவங்களுக்கும் லைன் கட்டான எடம் வேற வேறயா இருக்கும், கூத்து இதேதான்.

பேக்லோஃபென் என்ன பண்ணுதுன்னா, காபான்னு நம்ம உடம்புலயே இருக்கற, நரம்ப அமைதியாக்கற ஒரு கெமிக்கல் மாதிரி நடிச்சு, தண்டுவடத்துல காபா-பிங்கற பூட்டுல சாவியாட்டப் போய் மாட்டிக்குது, மோட்டாரோட வேகம் கொறையுது. தசையச் சரிபண்ற மாத்திர இல்ல, நரம்ப அடக்கற மாத்திர. அதனாலதான் தூக்கமும் வருது, அத அப்பறம் சொல்றேன். 1962ல சுவிட்சர்லாந்துல சீபா கம்பெனியில ஹைன்ரிஷ் கேபர்லேன்னு ஒரு கெமிஸ்ட் இதச் செஞ்சாரு, அவரு நெனச்சது வலிப்புக்கு மருந்து. வலிப்புக்குச் சரியா வேல செய்யல, ஆனா கை கால் இறுக்கம் விடறதப் பாத்துட்டு இந்தப் பக்கம் திருப்பி விட்டாங்க, அமெரிக்காவுல 1977ல அனுமதி வந்துச்சு. வலிப்ப நிறுத்தறதுக்குன்னு செஞ்ச மருந்துங்கறத ஞாபகம் வெச்சுக்குங்க, கீழ ஒரு எடத்துல இது திரும்பி வரும்.

இங்க எங்க பெரியப்பா கதையச் சொல்லாம போகமுடியாது. அவரு இடுப்புப் புடிச்சுக்கிட்டா நேரா என் மாத்திர டப்பாவத்தான் பாப்பாரு. "நீதான் மசில் ரிலாக்ஸன்ட் சாப்பிடறயாமே, ஒண்ணு குடுறா"ம்பாரு. அதேதான் பெரியப்பா ஆனா அது இல்லன்னு பத்துதடவ சொல்லீருப்பேன். மசில் ரிலாக்ஸன்ட்ங்கறது (தசைய லூசாக்கற மாத்திர) ஒரே பேருல ரெண்டு கும்பல். இடுப்புப் புடிப்பு, கழுத்துப் புடிப்புக்கு டாக்டருங்க எழுதற குளோர்ஸாக்ஸசோன், தயோகால்சிகோசைடு இதெல்லாம் ஒரு கும்பல், ரெண்டு மூணு நாள், ஒரு வாரம்னு சாப்பிட்டு நிறுத்தறது. ஸ்பாஸ்டிசிட்டிக்கு பேக்லோஃபென், டைசானிடின், டான்ட்ரோலீன், டயசிபாம்னு இன்னொரு கும்பல், இது மாசக்கணக்கு வருசக்கணக்கு. டைசானிடின் மட்டும் ரெண்டு வீட்டுலயும் பொண்ணு எடுத்த மாதிரி, இங்கயும் இருக்கும், வலி மாத்திர கூட கலந்த காம்பினேஷன் பட்டையிலயும் இருக்கும். அதனால ஏற்கனவே டைசானிடின் சாப்பிடறவங்க முதுகுவலின்னு போய் ஒரு பட்டை வாங்குனா டோஸ் டபுள் ஆயிரும், பட்டைக்குப் பின்னாடி சின்ன எழுத்துல இருக்கறதக் கண்ணாடி போட்டுட்டாவது படிங்க. பெரியப்பாவுக்குச் சர்க்கர இருக்குது, கிட்னியும் லேசா வீக்கு. அவருக்கு என் மாத்திரையக் குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் பயமாத்தான் இருக்குது.

சரி அனுபவத்துக்கு வர்றேன். எனக்கு மொதல்ல எழுதுனது 5 மி.கி, மூணு வேள. கடையில கெடைக்கறது 10 மி.கி, நடுவுல ஒரு கோடு இருக்கும், நகத்த வெச்சு அமுக்குனா ரெண்டா ஒடையும், ஒடைக்கற மாத்திரையில பாதிக்கு ஒண்ணு கட்டிலுக்கடியில போய் விழும். மூணு நாளைக்கு ஒருதடவ ஒரு அஞ்சு ஏத்துங்கன்னாரு டாக்டரு. பெரியவங்களுக்கு பொதுவா ஒரு நாளைக்கு 80 மி.கி தாண்டக்கூடாதுங்கறதுதான் கணக்கு, அது வரைக்கும் போகணும்னு இல்ல. மொத வாரம் பூரா தூக்கம். சாதாரணத் தூக்கம் இல்லீங்க, சோறு திங்கற கை பாதி வழியில நின்னுரும், பொண்டாட்டி தோளத் தட்டி எழுப்புவா. தலையும் லேசா கிறுகிறுன்னு இருக்கும், ரெண்டு நாள் வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு. ஒரு மூணு வாரத்துல ஒடம்பு பழகிக்குச்சு. மத்தியான மாத்திர போட்ட ஒரு மணி நேரம் மட்டும் இன்னிக்கும் ஸ்கூட்டர் எடுக்கறதில்ல.

வேல செஞ்சுதான்னு கேட்டா, செஞ்சுது, நல்லாவே செஞ்சுது. நான் அப்ப வேலூர் சி.எம்.சியோட பாகாயம் ரீஹாப்ல (மறுவாழ்வு மையம்) இருந்தேன். (1966ல ஆரம்பிச்ச எடம், மேரி வர்கீஸ் அம்மாவோட உழைப்பு, அவங்களே 1954ல ஒரு ஆக்சிடெண்ட்ல தண்டுவடம் போய் வீல்சேர்ல உக்காந்துட்டு ஆபரேஷன் பண்ணுனவங்க. அங்க வராண்டாவுல போறப்ப நம்ம கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமான்னு தோணும்.) அங்க பிசியோ பண்ற தம்பி ஆஷ்வொர்த் ஸ்கேல்னு ஒண்ணு வெச்சுப் பாப்பாரு, கால மடக்கி நீட்டி எவ்வளவு எதுக்குதுன்னு 0ல இருந்து 4 வரைக்கும் மார்க். 0ன்னா ஒண்ணுமில்ல, 4ன்னா மரக்கட்டை. நான் 3, மாத்திர ஏத்துன ஒன்றரை மாசத்துல 2க்கு வந்தேன். ஒரு வேடிக்க என்னன்னா அந்த ஸ்கேலே ஒரு மசில் ரிலாக்ஸன்ட டெஸ்ட் பண்றதுக்காக 1964ல ஆஷ்வொர்த்ங்கற டாக்டர் உண்டாக்குனதுதான், அந்த மருந்துப் பேரு கேரிசோப்ரோடால், மார்க் போடற அளவுகோல் இன்னிக்கு வரைக்கும் நிக்குது. மார்க்க விடுங்க, எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் வேற. பேண்ட் போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேரு வேணும், அப்பறம் நானே போட்டேன். ராத்திரி நாலுதடவ கால் ஒதச்சு முழிச்சுக்கறது ஒருதடவ ஆச்சு. பக்கத்துல படுக்கறவளும் தூங்குனா, ஒத வாங்கறது அவதானே.

அங்க கத்துக்கிட்ட ஒரு டிரிக், காலைல அலாரம் அஞ்சே முக்காலுக்கு வெச்சிருக்கேன், மாத்திரையும் ரெண்டு பிஸ்கட்டும் தலமாட்டுலயே இருக்கும், போட்டுட்டுத் திரும்பப் படுத்துக்குவேன். ஆறே முக்காலுக்கு எந்திரிக்கறப்ப மருந்து ஏறியிருக்கும், கால் மடங்கும், வீல்சேருக்கு மாறலாம். எந்திரிச்சு மல்லுக்கட்டி முடிச்சுட்டு மாத்திர போட்டா என்ன பிரயோஜனம். இந்த மருந்து மூணு நாலு மணி நேரத்துல ஒடம்புல பாதியாக் கொறஞ்சுரும், அதனாலதான் மூணு வேள, நேரம் தவறுனா காலே ஞாபகப்படுத்தும்.

இனி கொறை. மொத கொறைய யாரும் எனக்கு முன்னாடியே அழுத்திச் சொல்லல, இல்ல சொல்லி என் காதுல ஏறல. கால் இறுக்கம் பூராவும் எதிரி இல்லீங்க. நான் கட்டில்ல இருந்து வீல்சேருக்கு மாறும்போது, ஒரு ரெண்டு செகண்டு நிக்கறேன் பாருங்க, அந்த ரெண்டு செகண்டும் என்னத் தாங்கறது என் பலம் இல்ல, அந்த இறுக்கம்தான். இது தெரியாம எனக்குப் பேராச, இன்னும் லூசானா இன்னும் நல்லாருக்குமேன்னு டாக்டர நச்சரிச்சு 60 மி.கி வரைக்கும் ஏத்திக்கிட்டேன். ஒரு நாள் பாத்ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறறேன், கம்பியப் புடிச்சு எந்திரிக்கறேன், ரெண்டு முட்டியும் ஈரத் துணி மாதிரி மடிஞ்சு போச்சு. வாளி மேல விழுந்தேன். எலும்பு ஒடையல, மூஞ்சியில தையல் மூணு. அதுக்கப்பறம் மெதுவாக் கொறச்சுக் கொறச்சு 45ல நின்னிருக்கேன், காலைல ஒன்றர, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ரெண்டு. பகல்ல கொஞ்சம் இறுக்கம் இருக்கட்டும்னு டாக்டரும் நானும் பேசி முடிவு பண்ணுனது. பிசியோக்காரங்க கேக்கற கேள்வி இருக்குதே, இந்த இறுக்கம் உங்களுக்கு எந்த வேலைக்கு எடஞ்சல், எந்த வேலைக்கு ஒதவின்னு, அத மாத்திர எழுதறதுக்கு முன்னாடியே கேக்கறவரு நல்ல டாக்டரு.

ரெண்டாவது கொறைதான் பெருசு, இதுக்காகத்தான் இத்தன நீளம் எழுதறேன்.

நாலாவது வருசம் மூத்திரப்பையில கல்லு. கத்தீட்டர் (மூத்திரம் எடுக்கற டியூப்) போடறவங்களுக்கு வர்றதுதான். ஒரு ஆஸ்பத்திரியில (பேர் வேண்டாம், நல்லாத்தான் பாத்தாங்க) சாயங்காலம் அட்மிட், அடுத்த நாள் காலைல லேசர்ல ஒடைக்கறதா ஏற்பாடு. ராத்திரியில இருந்து வாயில எதுவும் போடக்கூடாதுன்னுட்டாங்க. காலைல நடக்க வேண்டியது தள்ளித் தள்ளி சாயங்காலம் ஆயிருச்சு, அப்பறம் ஆபரேஷன், அப்பறமும் டிரிப்ஸ்தான். தெனமும் சாப்பிடற மாத்திர என்னன்னு கேட்ட ஃபாரத்துல நான் எழுதுனது "கால் இறுக்கத்துக்கு மாத்திர", அவ்வளவுதான், பேரும் எழுதல, அளவும் எழுதல. தப்பு என் மேலயும் இருக்குது. வார்டு சீட்டுல அந்த மாத்திர ஏறவே இல்ல.

மொதல்ல அரிப்பு. தடிப்பு ஒண்ணும் இல்ல, ஒடம்பு பூரா உள்ளுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி. அப்பறம் கால், நான் மாத்திரையே போடாத காலத்துல இருந்தத விட மோசமா, கட்டிலே ஆடற அளவுக்கு விறைச்சு ஒதைக்குது. வேர்த்துக் கொட்டுது, காய்ச்சல் 102. ரெண்டாம் நாள் ராத்திரி பாருங்க, டிரிப்ஸ் மாட்டற கம்பி மேல ஒரு ஆட்டுக்குட்டி ஏறி நிக்குது. கறுப்பு, நெத்தியில வெள்ள. எங்க ஆத்தா வளத்தது அது மாதிரியே இருந்துச்சு. நான் கனவு காணல, முழிச்சுட்டுத்தான் இருந்தேன், பொண்டாட்டிகிட்ட "அதப் புடிச்சுக் கட்டு, டியூபத் தின்னுருமாட்ட இருக்குது"ன்னு சொல்லீருக்கேன். அவ மொகம் வெளுத்ததுதான் எனக்கு ஞாபகம் இருக்குது.

டூட்டி டாக்டரு சின்னப் பையன், காய்ச்சல் இருக்குது, ஆபரேஷன் ஆனது மூத்திரப் பையில, அதனால கிருமி ரத்தத்துல ஏறீருச்சுன்னு நெனச்சு ரத்தமெல்லாம் எடுத்தாரு, அப்படி நெனச்சதுல தப்பே இல்ல. என் வீட்டுக்காரிதான் பையில இருந்து மாத்திர டப்பாவ எடுத்துட்டுப் போய் மேசை மேல வெச்சு, "டாக்டருங்க, இத இவரு வருசக்கணக்கா ஒரு வேள தவறாம சாப்பிடறாருங்க, ரெண்டு நாளா குடுக்கலைங்க, இதனால இருக்குமாங்க"ன்னு கேட்டிருக்கா. அவரு பட்டையத் திருப்பிப் பாத்துட்டு போன் எடுத்தவரு பெரிய டாக்டர்கிட்டப் பேசீட்டே ஓடியாந்தாரு. அந்த ராத்திரியே மாத்திரையத் திரும்ப ஆரம்பிச்சாங்க, கூட ஒரு ஊசி, அடுத்த நாள் சாயங்காலத்துக்குள்ள காய்ச்சல் எறங்கி, கால் அடங்கி, ஆட்டுக்குட்டியும் போயிருச்சு.

பேக்லோஃபென திடீர்னு நிறுத்தக்கூடாது. இல்லாதது கண்ணுக்குத் தெரியறது, மனுசன் கொழம்பறது, கடுங்காய்ச்சல், வலிப்பு, இறுக்கம் பல மடங்கா திரும்பறது இதெல்லாம் வரும், கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து. வலிப்புக்குன்னு செஞ்ச மருந்து, டக்குன்னு நிறுத்துனா வலிப்பக் கொண்டாந்து விடுது, பாருங்க வேடிக்கைய. நிறுத்தணும்னா டாக்டர் சொல்ற கணக்குல ஒரு வாரம் ரெண்டு வாரம், சிலருக்கு அதுக்கும் மேல, படிப்படியா எறங்கணும். தூக்கமா வருது, எனக்கு வேண்டாம்னு தானா தூக்கிப் போடறவங்க, தீவாளிக்கு ஊருக்குப் போறப்ப டப்பாவ மறந்துட்டுப் போறவங்க, ஞாயித்துக்கெழம மெடிக்கல் மூடியிருக்குதுன்னு நாளைக்குப் பாத்துக்கலாம்ங்கறவங்க, எல்லாரும் இத ரெண்டுதடவ படிங்க. நான் இப்ப பத்து நாள் மாத்திர எப்பவும் கையிருப்பு வெச்சிருக்கேன், பாதி வீட்டுல, பாதி கடை டிராயர்ல. இது எல்லா மெடிக்கல்லயும் கெடைக்காது, எங்க ஊர்ல சொல்லி வெச்சாத்தான் பொள்ளாச்சியில இருந்து எடுத்துட்டு வருவாங்க, சீட்டு இல்லாம தரவும் மாட்டாங்க, தரக்கூடாதுதான்.

டைசானிடின் அனுபவமும் ஒண்ணு சொல்லணும். ராத்திரி இறுக்கத்துக்குன்னு நடுவுல ஒரு வருசம் 2 மி.கி படுக்கறப்ப போட்டேன். தூக்கம் நல்லா வந்துச்சு, வாய் காஞ்சு தவள நாக்கு மாதிரி ஒட்டிக்கும், பிரஷர் கொறையும், அதனால அதப் போட்டுட்டுத் திடீர்னு எந்திரிச்சு உக்காந்தா கண்ணு இருட்டும். கல்லீரலுக்கு ரத்த டெஸ்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, அப்பறம் ஒண்ணு எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன், ஒண்ணும் இல்ல. அந்த சமயத்துல மூத்திரத் தொத்து வந்து ஒரு கிளினிக்ல சிப்ரோஃப்ளாக்ஸசின்ங்கற ஆன்டிபயாடிக் எழுதிக் குடுத்துட்டாங்க. மெடிக்கல்ல இருந்த பொண்ணு, பி.ஃபார்ம் முடிச்சு அப்பத்தான் வேலைக்குச் சேந்திருந்துச்சு, ராத்திரி மாத்திரையும் இதுவும் ஒரே கவர்ல போடப் போய் நிறுத்திருச்சு. "அண்ணா ரெண்டும் சேரவே கூடாதுங்கண்ணா, டாக்டர்கிட்டப் பேசீட்டு வாங்க"ன்னு சொல்லி மாத்திரையக் கையில குடுக்கல. எனக்குக் கோவம்தான் வந்துச்சு, நமக்குக் காய்ச்சல் அடிக்குது இது பாடம் எடுக்குதுன்னு. அப்பறம்தான் தெரிஞ்சுது, சிப்ரோ டைசானிடின ஒடம்புல இருந்து வெளிய போகவிடாம புடிச்சு வெச்சுக்குது, ரத்தத்துல அளவு பத்து மடங்கு வரைக்கும் ஏறுமாம், பிரஷர் பாதாளத்துக்குப் போயிரும். எங்கள மாதிரி தண்டுவட ஆளுங்களுக்கு மூத்திரத் தொத்து பஸ் மாதிரி அடிக்கடி வரும், தொத்துக்கு சிப்ரோவும் அடிக்கடி எழுதுவாங்க, அதனால இந்த ஜோடி எங்களுக்குன்னே வெச்ச பொறி. அந்தப் பொண்ணு கல்யாணம் ஆகித் திருப்பூர் போயிருச்சு, இதப் படிச்சா நன்றி கண்ணு.

கிட்னி விசயம். பேக்லோஃபென்ல பெரும்பகுதி அப்படியே மூத்திரத்துலதான் வெளிய போகுது. கிட்னி வீக்கா இருந்தா போகாம ஒடம்புலயே சேந்துக்கும், சின்ன டோஸே அதிகமாயி ஆள் கொழம்பிப் போறது, எழுப்புனா எந்திரிக்காம கெடக்கறதுன்னு ஆகும். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு இத முடிஞ்ச வரைக்கும் தவிர்ப்பாங்க. தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு வருசம் போகப் போக கிட்னிதான் பலவீனம், அதனால ஆறு மாசத்துக்கு ஒருதடவ கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்குதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்) பாக்கறேன். மாத்திரையோட சரக்கு போட்டா தூக்கமும் மயக்கமும் சேந்து ஏறும், மூச்சு கொறையும். நோம்பிக்கு வர்ற பங்காளிங்க ஒரு பெக்தானேம்பானுங்க, அவனுங்களா வந்து தூக்கப் போறானுங்க.

மத்ததெல்லாம் நான் போடல, கேட்டதும் பக்கத்துக் கட்டில்ல பாத்ததும்தான். டயசிபாம் பழைய மருந்து, வேல செய்யும், பழக்கமாயிரும், தூக்கம் இதவிட ஜாஸ்தி. டான்ட்ரோலீன் தசைக்குள்ளயே வேல செய்யறது, கல்லீரலுக்குக் கெடுதல் பண்ணும், அதனால யோசிச்சுத்தான் குடுப்பாங்க. போடாக்ஸ் ஊசி இருக்குது, சினிமாக்காரங்க மூஞ்சிக்குப் போடறாங்களே அதேதான். ஒரு கை, ஒரு கணுக்கால்னு குறிப்பிட்ட எடத்துல மட்டும் இறுக்கம்னா அது நல்லது, ஒடம்பு பூராத் தூங்க வைக்காது, ஆனா மூணு மாசம் போல ஆனா திரும்பப் போடணும், காசு. அப்பறம் பம்பு. பேக்லோஃபென நேரா தண்டுவடத் தண்ணியிலயே சொட்டுச் சொட்டா விடற மெஷின், வயித்துத் தோலுக்கடியில வெப்பாங்க, 1984ல மொதல்ல பண்ணிக் காட்டுனாங்க, மாத்திரையில மில்லிகிராம்னா இதுல மைக்ரோகிராம்தான், அதனால தூக்கம் கொறைவு. நம்ம நாட்டுல செலவு லட்சக்கணக்குல போகும், மருந்து தீர்றதுக்குள்ள ரீஃபில் பண்ணலைன்னா, இல்ல டியூப் மடங்கீட்டா, என் ஆட்டுக்குட்டி கதையெல்லாம் ஒண்ணுமே இல்லங்கற அளவுக்கு ஆபத்து. டாக்டரு ஒருதடவ கேட்டாரு, வேண்டாம்னுட்டேன்.

இன்னொண்ணு, மாத்திர ஏத்தறதுக்கு முன்னாடி இடுப்புக்குக் கீழ என்ன ஆச்சுன்னு பாருங்க. திடீர்னு ஒரு வாரம் இறுக்கம் ஜாஸ்தியாச்சுன்னா பெரும்பாலும் மருந்து பத்தலைங்கறது இல்ல, ஒடம்பு வேற எதையோ சொல்லுது. வலி தெரியாத எடத்துல இருந்து அதுக்கு வேற பாசை இல்ல. மூத்திரத் தொத்து, மலச்சிக்கல், படுக்கைப்புண், உள்ள வளந்த கால் நகம், டைட்டான ஷூ, எனக்கு ஒருதடவ பேண்ட் பாக்கெட்ல கெடந்த பென்டிரைவ் மேல நாள் பூரா உக்காந்திருந்தேன், அதுக்கே கால் ரெண்டு நாள் ஆடித் தீத்துச்சு. இதுல கொடும என்னன்னா பேக்லோஃபெனே மலச்சிக்கல் பண்ணும், மலச்சிக்கல் இறுக்கத்த ஏத்தும், நீங்க மாத்திரைய ஏத்துவீங்க. கொய்யாப்பழமும் தண்ணியும் எனக்கு அஞ்சு மி.கி மிச்சம் பண்ணுது, நெசமாத்தான். தெனமும் கால நீட்டி மடக்கற வேலைய மாத்திர சாப்பிடறமேன்னு விட்டுட்டா தசை சுருங்கியே போயிரும், அப்படிச் சுருங்குனத எந்த மாத்திரையும் நீட்டாது.

ஸ்டார் கணக்கு. தூக்கத்துக்கு அர ஸ்டார் கொறச்சேன், மூஞ்சியில மூணு தையலுக்கு அர, ஆட்டுக்குட்டிக்கு அர. மிச்சம் மூன்றரை, அது நானே பேண்ட் போடறதுக்கு. ஸ்ட்ரோக் வந்த வயசானவங்க வீட்டுல இருந்தா, அவங்களுக்குக் கொழப்பமும் மயக்கமும் சீக்கிரம் வரும், ரொம்பக் கம்மியில ஆரம்பிச்சு மெதுவா ஏத்தச் சொல்லிக் கேளுங்க, மாத்திர ஆரம்பிச்சப்பறம் ஆள் மந்தமாயிட்டா நோயின்னு நெனச்சு விட்டுராதீங்க.

ஆஸ்பத்திரியில இருந்து வந்த மொத வேலையா நான் ஒரு கார்டு அடிச்சேன். மாத்திரப் பேரு, காலைல 15, மத்தியானம் 10, ராத்திரி 20, "திடீர்னு நிறுத்தக்கூடாது, வாயில குடுக்க முடியாட்டி உடனே டாக்டர்கிட்டச் சொல்லவும்"னு செகப்புல. தமிழ்ல ஒரு பக்கம், இங்கிலீஷ்ல ஒரு பக்கம், வீல்சேருக்குப் பின்னாடி தொங்குது. நம்மகிட்டதான் லேமினேஷன் மெஷின் இருக்குதே. உங்க வீட்டுல யாராவது இந்த மாத்திர சாப்பிடறாங்கன்னா சீட்ட எடுத்துட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போங்க, இருவது ரூவாயில முடியற வேலை. என் கடைக்கு வந்தா அதுவும் வேண்டாம்.